ஏரோப்ளேன் வீட்டுக்காரனுக்கு

இன்று காலை கல்லங்குறிச்சி ரோட்டில் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் ஸ்பானருக்காகக் கையை விட்டேன். ஸ்பானர் தனியாக வரவில்லை. ஸ்குரூ டிரைவர், ரெண்டு போல்ட், பீரோ சாவி, தீபாவளிக்கு முன்னால் தொலைந்துபோய் அதற்காக என் மனைவி என்னோடு ஒரு வாரம் பேசாமலிருந்த நகவெட்டி, எல்லாம் ஒரே கொத்தாக வெளியே வந்தன. நடுவில் உன் காந்தம். பழைய ஸ்பீக்கரை உடைத்து நீ எடுத்தது. உளுந்து வடை மாதிரி வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, ஓட்டையில் இன்னமும் அந்த நைலான் கயிறு.

ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். என் முட்டி அதற்கு ஒத்துழைக்காது. நின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த மினி பஸ்காரர் தலையை நீட்டி, "சார், வடையத் தின்னுட்டு ஓரமா நில்லுங்க" என்றார். நீ இருந்திருந்தால் அவருக்கு ஒரு பதில் சொல்லியிருப்பாய். எனக்கு எப்போதும் போல அவர் போனபிறகுதான் பதில் தோன்றியது.

மாப்ள, நீ போனதிலிருந்து ஊரில் யாருடைய கல்யாணத்திலும் மைக் சரியாக இல்லை. அரியலூர் மார்க்கெட் பக்கம் உன் மைக் செட் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நான் அதே கூட்டுறவுச் சங்க ஆபீஸில், அதே நாற்காலியில்தான். ஆபீஸ் நேரத்தில் ஒரு பத்திரிகைக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதி, வீட்டு நேரத்தில் ஆபீஸைத் திட்டுகிறேன். அரியலூர், பெரம்பலூர் ரெண்டு ஜில்லாவிலும் என் துணுக்கில் அடிபடாத ஆள் இல்லை. உன் வீட்டுக் கதையை மட்டும் இதுவரை எழுதவில்லை. ஏன் என்பதை உனக்கே எழுதிப் பார்க்கிறேன்.

உன் ஊரில், ரெட்டிபாளையம் தாண்டி, வீட்டு நம்பர் கேட்டுப் போகிற ஆள் வீடு போய்ச் சேரமாட்டான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பேர். நெய்ச்சட்டி வீடு, கோர்ட்டுக்காரர் வீடு, மூக்குப்பொடி வீடு. உன் வீடு ஏரோப்ளேன் வீடு. உன் கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டால்தான் தபால் வரும் என்றார்கள். வெளியூர்க்காரர்கள், உன் வீட்டில் யாரோ ஏரோப்ளேன் ஓட்டினார்கள்போல என்று நினைப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் நாற்பதுகளில், உலக யுத்த காலத்தில், ஒரு ஐப்பசி மழை நாளில் உன் அப்பா கோவணத்தோடு வீட்டுக்கு வந்தது. அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. காலையில் வேட்டி கட்டிக்கொண்டு கொல்லைக்காட்டு வேலைக்குப் போனவர், சாயங்காலம் ஊர் முழுக்கப் பார்க்க, தெரு வழியாகக் கோவணத்தோடு நடந்து வந்து, "ஏரோப்ளேன் வுழுந்துருச்சு. ஒரு பையன் செத்துக் கெடக்கான். மீசகூட சரியா மொளைக்கல. மொகத்துல மழ வுழுவுதேன்னு வேட்டியப் போத்திட்டு வந்துட்டேன்" என்றார்.

ஊர் என்ன செய்யும்? கேட்ட சத்தத்தை இடி என்று நினைத்திருந்தது. மறுநாள் போய்ப் பார்க்கக் கிளம்பிய ரெண்டு பேரை ஓடைக்கு இந்தப் பக்கமே சிப்பாய்கள் திருப்பி அனுப்பினார்கள். பட்டாளம் கேம்ப் போட வந்திருக்கிறது என்றார்கள். மணியக்காரர், யாரோ மேலேயிருந்து சொல்லிக் கொடுத்ததை, அப்படியே தண்டோரா போடவைத்தார்: ஒன்றும் விழவில்லை, யாரும் ஒன்றும் பேசக்கூடாது. பட்டாளம் போனபிறகு அங்கே சேறுதான் இருந்தது. ஆகவே, சர்க்கார் கணக்கில் ஏரோப்ளேன் விழவில்லை. ஆனால் வேட்டி போனது நிஜம். வேட்டி எங்கே போயிருக்கும் என்று ஊர் யோசித்தது. பக்கத்து ஊரில் எவள் வீட்டிலோ மாட்டிக்கொண்டு, விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான் என்று முடிவு செய்தது. அந்த எவளோ யார் என்பதற்கு உன் ஊரில் ஏழெட்டுப் பேர் சிபாரிசில் இருந்தார்கள்.

உன் அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். ஆனால் ஆடி அமாவாசைக்கு உன் வீட்டில் முன்னோர்களுக்குப் படைக்கிற இலைகளோடு ஒரு இலை கூடுதலாக விழும். "அது யாருக்குங்க?" என்று உன் அம்மா முதல் வருஷம் கேட்டார்களாம். "மழையில கெடந்த பையனுக்கு" என்றாராம். அவ்வளவுதான். அந்த இலையையும் ஊர் கணக்கில் சேர்த்துக்கொண்டு சிரித்தது.

அவர் போனபோது, நெய்ச்சட்டி வீட்டுப் பெரியப்பா சாவு வீட்டு வாசலிலேயே, "கடேசி வரைக்கும் அந்த வேட்டி எங்கன்னு சொல்லலியே" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நீ அவரை அடித்திருந்தால் நானும் ஒரு கை கொடுத்திருப்பேன். நீ அடிக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் என் ஆபீஸுக்கு வந்து, "மாப்ள, ஏரோப்ளேன் வுழுந்துச்சான்னு கண்டுபுடிக்கணும்டா. எங்கப்பா பொய்காரரா இல்லியான்னு எனக்குத் தெரியணும்" என்றாய். உனக்கே தெரியணும் என்றாய் பார், அதுதான் என்னை எழுப்பியது. ஊருக்குக் காட்டுவதற்காக இல்லை. உனக்குள்ளேயே ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அது உன்னைத் தின்றுகொண்டிருந்தது.

அப்படித்தான் ரெண்டு அரைக்கிழங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை இழுத்துப்போகிற மாதிரி கரிசல் காட்டில் இழுத்துக்கொண்டு திரிந்தோம். அப்பா அடையாளம் சொன்ன ரெட்டைப் பனையை எந்தச் செங்கல் சூளையோ எப்போதோ தின்றிருந்தது. ஓடை மட்டும் இருந்தது. ஓடையோரம் நம் காந்தத்தில் ஒட்டியவை: மாட்டு லாடம், ஆணி, ஒரு சைக்கிள் பெல், யாரோ யார்மேலோ இருந்த கோபத்தில் தகரத்தில் எழுதிப் புதைத்து வைத்த செய்வினைத் தகடு. தகடு ஒட்டிய அன்று நீ வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாய். நான் ரெண்டு தடவை குளித்தேன்.

பல வாரம் கழித்து ஒருநாள் என் மனைவி காந்தத்தை வாங்கி, அடுப்படியில் இருந்த அலுமினியக் குண்டான்மேல் வைத்தாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது.

"ஏரோப்ளேன எதுல செய்யறாங்க?" என்றாள்.

நாம் ரெண்டு பேரும் குண்டானைப் பார்த்தோம். நீ என்னைப் பார்த்தாய். "டேய், நீ பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்தான?" என்றாய்.

அப்புறம் அந்தச் சக்கரம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், "ஆகாசத்துலேருந்து வுழுந்த சக்கரம் ஒண்ணு பள்ளத்துல கெடக்குதுங்க, எங்க தாத்தா காட்டுனாரு" என்றார். நீ ஓடினாய். நான் ஓடுவதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். சுண்ணாம்புப் பாறை சரிந்த பள்ளத்தில் நிஜமாகவே சக்கரம் கிடந்தது. பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு, சுருள் சுருளாக, கல்லாகிப்போன நத்தை. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு குட்டிக்குட்டியாக வைத்திருக்கிற அதே கடல் பிராணி. இது அதற்குப் பாட்டன்.

பெரியவர் போய்விட்டார். நீ அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாய். அதன் வரியைச் சுற்றிச் சுற்றி விரலால் தடவினாய். நாம் உட்கார்ந்திருந்த இடம் ஒரு காலத்தில் கடலின் அடித்தரை என்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். ஆனால் அன்று முதல்முறையாக எனக்கு அது உடம்பில் தெரிந்தது. தலைக்குமேல் எவ்வளவு தண்ணீர் நின்றிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். வெறும் வெயில்தான்.

"கடலு வந்துட்டுப் போனத எல்லாவனும் நம்புறான் மாப்ள," என்றாய். "சாட்சி வச்சுட்டுப் போயிருக்கு. எங்கப்பா பாத்தது நேத்து மாதிரி. அதுக்கு ஒரு சாட்சி இல்ல."

நான் காந்தக் கயிற்றைச் சுருட்டினேன்.

காந்தத்தை ஸ்கூட்டரில் போட்டதோடு ஆராய்ச்சி முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுபடி ஐப்பசி வந்தது. வரதராசன்பேட்டை போகிற வழியில் ஒரு ஊரில், கல்லறைத் திருநாளுக்கு உனக்கு மைக் செட் ஆர்டர். "வயர் புடிக்க ஆளு வரல மாப்ள, கூட வா" என்றாய். கல்லறைகளுக்கு நடுவே வயரை இழுத்துக்கொண்டு போனோம். எங்கும் வெள்ளையடித்த சிலுவைகள், செவ்வந்திப் பூ, மெழுகுவத்தி. குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள். சுவரோரத்தில் மட்டும் ஒரு மண்மேடு. பேர் இல்லை, கல் இல்லை. ஆனால் சுத்தமாகச் செதுக்கி, ஒரு மெழுகுவத்தி ஏற்றி, வயசான ஒரு அக்கா தனியாக நின்றிருந்தார். பேர் ஜெபமாலை என்று பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, வயர இப்படி இழுத்துக்கலாமா? இது யாரு கல்லறைங்க?"

"இழுத்துக்கங்க தம்பி. குழி காலிதான்."

"காலிக் குழிக்கா மெழுகுவத்தி?"

"ஆளு இருந்துட்டுப் போன எடம் இல்லியா? யுத்தம் முடிஞ்சப்புறம் சர்க்கார் ஆளுங்க வந்து எலும்பத் தோண்டி மதராசுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களாம். எங்க மாமனாரு, ஆளு போனா என்ன, அவரு படுத்த எடம் இங்கதான இருக்குன்னு வருசம் தவறாம ஏத்திட்டு இருந்தாரு. இப்ப நான் ஏத்துறேன்."

"யாருக்கா படுத்திருந்தது?"

"பேரு தெரியாது தம்பி. ஆகாசத்துலேருந்து வுழுந்தவரு."

உன் கையிலிருந்து வயர் நழுவியது. அங்கே மேடையில் ஃபாதர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி உன்னைப் பார்த்தது. வாழ்நாளில் முதல்முறையாக உன் மைக் வேலை செய்யவில்லை, அதை நீ கவனிக்கவும் இல்லை. நான்தான் ஓடிப்போய் ஏதோ ஒன்றை ஏதோ ஒன்றில் சொருகினேன். ஒரு ஊளைச் சத்தம் கேட்டு, பிறகு ஜெபம் கேட்டது. திரும்பி வந்தபோது அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமனாரு அரியலூர் சந்தையில கடலக்கா மூட்டைய எறக்கிட்டு வெறும் வண்டியா வந்திருக்காரு. ஓடகிட்ட வெள்ளக்காரத் தொர ஒருத்தரு மறிச்சாராம். லாரி எல்லாம் கரிசல்ல மாட்டிக்கிச்சு. இவரு கழுத்துல செபமாலையப் பாத்துட்டு, உங்க கல்லறைக்குக் கொண்டுபோவ முடியுமான்னு சைகையில கேட்டாராம். பொணத்துக்கு மொகத்துல வேட்டி போத்தியிருந்துச்சாம். தொர அத எடுக்கச் சொல்லியிருக்காரு. மாமனாரு மாட்டேன்னுட்டாரு. யாரோ பெத்த புள்ளைக்கு யாரோ போத்துனது, அது அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. வேட்டியோடதான் அடக்கம் பண்ணாங்க."

உன் குரல் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி வந்தது. "போத்துனது யாருன்னு..."

"தெரியலியே தம்பி. வண்டி கெளம்புறப்ப ஓடக்கரையில சின்ன வயசு ஆளு ஒருத்தரு, கோவணத்தோட கையக் கட்டிக்கிட்டு நின்னாராம். அவராத்தான் இருக்கும்னு மாமனாருக்குத் தோணியிருக்கு. கேக்கறதுக்குள்ள சிப்பாயிங்க அவர வெரட்டி வுட்டுட்டாங்க. ‘மழையில ஒரு மனுசன வெறும் ஒடம்போட வூட்டுக்கு அனுப்பிட்டனே'ன்னு சாவுற மட்டும் பொலம்புவாரு. அவரு யாருன்னு தெரிஞ்சா ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும்னு ஆச. தெரியல. அதான் இன்னிக்கு ஒரு புது வேட்டி எடுத்து, வயசானவரு யாருக்காச்சும் குடுக்கறது எங்க வூட்டு வழக்கம்."

"அக்கா," என்றாய். "அது எங்கப்பா."

மாப்ள, நாம் எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்போம். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: நிஜமா? என்ன அத்தாட்சி? நானும் மனசுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெபமாலை அக்கா அதைக் கேட்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தாநாள் நடந்த விஷயத்தைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நல்லபடியா வூடு போயிச் சேந்தாராய்யா?"

கோவணத்தோடு அவர் நடந்த தெருவும், கேட்ட சிரிப்பும், வாழ்நாள் முழுக்கச் சுமந்த பேரும் உன் முகத்தில் வந்து போனதை நான் பார்த்தேன்.

"சேந்தாருக்கா," என்றாய்.

ஆடியில் ஒரு வீடு இலை போடுகிறது. ஐப்பசியில் ஒரு வீடு மெழுகுவத்தி ஏற்றுகிறது. ரெண்டும் ஒரே பையனுக்கு. அவன் எங்கே விழுந்தான் என்று ஒரு வீட்டுக்குத் தெரியும், எங்கே போனான் என்று தெரியாது. எங்கே படுத்திருந்தான் என்று இன்னொரு வீட்டுக்குத் தெரியும், போர்த்திவிட்டது யார் என்று தெரியாது. ஒரு வீட்டை இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. அவன் பேர் ரெண்டு வீட்டுக்குமே தெரியாது. உலகமே அடித்துக்கொண்டு செத்த காலத்தில், கடலுக்கு அப்பால் எங்கேயோ பிறந்த பிள்ளைக்கு, நம் காட்டில் ரெண்டு வீடு சொந்தமாகிவிட்டது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் பார்க்கவேண்டும் என்றும் செய்யவில்லை. நம் ஆட்களை நான் இத்தனை வருஷமாகக் கேலி செய்து பிழைத்தவன். அன்று முதல்முறையாக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வண்டியை மறித்த இடம் எது என்று மாமனார் சொன்னதை அக்கா சொன்னார்: ஓடை ரெண்டாகப் பிரிகிற மூக்கு, வடகரை. நாம் காந்தம் இழுத்ததெல்லாம் தென்கரை. அதற்கடுத்த மழை விட்ட அன்று காலை வடகரைக்குப் போனோம். மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. கருப்பு மண்ணில், அங்கங்கே, சொட்டுச் சொட்டாக ஏதோ மின்னியது. நீ குனிந்து ஒன்றைத் தொட்டாய். விரல் நகம் அளவு, உருகி வழிந்து உறைந்த உலோகம். கனமே இல்லை. பக்கத்தில் இன்னொன்று. அப்பால் இன்னும். கல்லறையில் மெழுகு வழிந்து கிடந்த மாதிரியே கிடந்தது. காந்தத்தைக் காட்டினோம். ஒட்டவில்லை. அது ஒட்டாததற்காக ரெண்டு ஆண்பிள்ளைகள் சேற்றில் நின்று அப்படி அழுததை ஓணான் ஒன்றுதான் பார்த்தது.

நான் ஒரு சொட்டை எடுத்துச் சட்டைப்பையில் போடப் போனேன். "வேணாம்டா," என்றாய். "அவன் எறங்குன எடம். கெடக்கட்டும்." செருப்பைக் கழற்றியிருந்தாய். எப்போது கழற்றினாய் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கழற்றினேன்.

நாம் நின்ற இடத்துக்குக் கீழே கடல் இருந்தது. மேலேயிருந்து அவன் வந்தான். நடுவில் உன் அப்பா வேட்டியை அவிழ்த்தார்.

அடுத்த வாரம், கல்லறைத் திருநாளன்று அக்கா உன் கையில் கொடுத்த அந்தப் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு நீ உன் ஊர்த் தெருவில் நடந்தாய். டீக்கடையில் உட்கார்ந்திருந்த நெய்ச்சட்டி வீட்டுப் பெரியப்பா, "என்னடா ஏரோப்ளேன், புது வேட்டி பளபளங்குது?" என்றார்.

"எங்கப்பா வுட்டுட்டு வந்ததுதான் பெரிப்பா. இப்பத்தான் திரும்பி வந்துச்சு."

அப்புறம் முழுக்கதையையும் சொன்னாய். கடையில் இருந்தவர்கள் டீ ஆறியதுகூடத் தெரியாமல் கேட்டார்கள். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். கடைசியில், "இடின்னுதான்டா நெனச்சோம்" என்றார். நீ அவருக்கு இன்னொரு டீ சொன்னாய். எனக்குச் சொல்லவில்லை. அதை நான் மறக்கவில்லை.

நீ இப்படித் திடுதிப்பென்று போவாய் என்று யார் கண்டார்கள்? திருவிழாவுக்கு ஹாரன் கட்டிவிட்டு வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று படுத்தவன் எழவில்லை. சாவு வீட்டுக்கு ஜெபமாலை அக்கா பஸ் மாறி வந்தார். கையில் ஒரு வேட்டி. உன்மேல் கோடி போர்த்தப் போனபோது, பங்காளிகளில் ஒருவர், "நீங்க எந்த முறையிலங்க கோடி போடுறீங்க?" என்று தடுத்தார். சொந்தக்காரர்கள் போடுகிற கோடியாயிற்றே. அக்கா என்ன சொல்வார் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

அதற்குள் நெய்ச்சட்டி வீட்டுப் பெரியப்பா தடியை ஊன்றி எழுந்தார். "டேய், வழிய வுடு. அவங்கதான்டா முதல்ல போடணும்."

முதலில் அக்காதான் போட்டார், மாப்ள.

வெகுநாள் ஆயிற்று. இப்போதும் டீக்கடையில் யாராவது நம்பமுடியாத கதை சொன்னால், பழைய வழக்கப்படி கிண்டலுக்கு வாயைத் திறக்கிறேன். அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். நிஜமா என்று கேட்பதில்லை. அந்த அக்கா கேட்டதைத்தான் கேட்கிறேன். கதை சொல்கிறவன் ஒரு நிமிஷம் விழிக்கிறான். அப்புறம் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஆரம்பிக்கிறான். அப்படிக் கேட்டு வைத்த கதைகள் என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒன்றையும் துணுக்காக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் கோபமாக இருக்கிறார்.

ஒரு ஆளிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுவதே அதற்காகத்தான்.

நல்லபடியாப் போய்ச் சேந்தியாடா?